மழை அளக்கும் போத்தல்

எட்டாம் வகுப்பில் ஆவியாதலின் காரணிகளை ஒப்புவித்தது இன்றும் நினைவிருக்கிறது. வெப்பநிலை, காற்று, மேற்பரப்பு. ஒன்றை மறந்தால் பிரம்படி. பாடசாலைக்கு எதிரேதான் தேயிலை ஸ்டோர். அம்மா பறித்த கொழுந்தை அங்கே மெத்தையாகப் பரப்பி, விசிறியால் காற்று ஊதி வாட்டுவார்கள். மூன்று காரணிகளும் இரவு பகலாக அங்கே வேலை செய்தன. ஒருநாளும் எங்களைக் கூட்டிப்போய்க் காட்டவில்லை.

துரைமார் காலத்தில் தோட்டப் பிள்ளைக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்றிருந்தது. 1970களின் பிற்பகுதியில் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கிய பிறகும், விஞ்ஞான அறை எங்கள் மலைக்கு வெகுகாலம் ஏறிவரவில்லை. கைவேலையை எங்கள் பெற்றோரும் விரும்பவில்லை. மண்ணும் கவ்வாத்துக் கத்தியும் தங்களோடு போகட்டும், பிள்ளை பேனா பிடிக்கட்டும் என்றார்கள். அந்த ஆசையைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியிலிருந்து மலையகப் பிள்ளைகளே ஆசிரியர்களாகித் திரும்பினார்கள். 2007இல் வந்த பாடத்திட்டம், செய்து பார்த்துக் கற்பதை வற்புறுத்தியது.

அண்மையில் ஹற்றன் பக்கம் ஒரு தரம் 8 வகுப்பில் உட்கார்ந்திருந்தேன். பாடம், மழைமானி. 2014 ஒக்ரோபர் 29 அன்று கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை இந்த மலையில் யார் மறப்பார்? 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தால் விழித்திரு, 100 என்றால் எச்சரிக்கை, 150 என்றால் வெளியேறு என்பது மண்சரிவுக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு.

பிள்ளைகள் போத்தலின் கழுத்தை வெட்டித் தலைகீழாகச் செருகினார்கள், புனல் ஆயிற்று. குழிந்த அடியில் கூழாங்கல் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, அங்கே பூச்சியக் கோடு. அகலமான டின்னில் கூடுதலாக மழை விழாதா என்று ஒருவன் கேட்டான். ஆசிரியை பதில் சொல்லவில்லை; இரண்டையும் முற்றத்தில் வைக்கச் சொன்னார். அன்று மாலை பெய்தது. நேரான சுவருள்ள இரண்டிலும் ஒரே உயரம். பரப்பளவு, கனவளவு என்று புத்தகம் சொல்வது அப்போது அவர்களுக்கே விளங்கியது.

ஒரு சிறுமி அடிமட்டத்தால் கோடு போட்டுக்கொண்டே போனாள். 120இல் போத்தல் முடிந்துவிட்டது.

"டீச்சர், வெளியேறுற கோட்டுக்கு இடமில்லையே" என்றாள்.

மறுநாள் எல்லோரும் உயரமான போத்தல் தேடிக் கடைத்தெருவுக்குப் போனார்கள்.