மடிக்கணினியின் மின்கலம் மாண்டுவிட்டதா?

நம் வீடுகளுக்குள் மடிக்கணினி நுழைந்த வரலாறு அண்மைக் காலத்தது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில், அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். ‘எல்காட்’ எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனத்தின் வாயிலாக வாங்கப்பட்ட அக்கணினிகள், அடுத்து வந்த ஆண்டுகளில் மதுரையின் மாசி வீதிகள் தொடங்கி மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம், வாடிப்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்கள் வரை மாணவர் இல்லங்களைச் சென்றடைந்தன. மாநிலம் முழுவதும் 50 இலட்சத்துக்கும் அதிகமானோர் பெற்றனர். வேறெவரிடமும் கணினி இல்லாத தெருக்களில், அந்த ஒரு பெட்டியே அக்கம்பக்கத்தார் அனைவருக்கும் பொதுவான உடைமையாக விளங்கிற்று.

அதே காலத்தில்தான் மின்வெட்டும் நம்மை வாட்டியது. 2012-இல் சென்னைக்கு வெளியே உள்ள மாவட்டங்களில், நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலாக மின்சாரம் நின்ற நாட்கள் உண்டு. விளக்கு அணைந்த வீட்டில் கணினித் திரை மட்டும் ஒளிவீசியதற்குக் காரணம் அதனுள் இருந்த மின்கலமே. ஆனால் ஈராண்டு, மூவாண்டு கழிந்ததும் அந்தக் கணினிகள் பலவற்றில் அரை மணி நேரத்துக்கு மேல் மின்கலம் தாங்கவில்லை. ‘பேட்டரி போய்விட்டது’ என்ற ஒரு சொல்லோடு எத்தனையோ கணினிகள் அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறின.

2025 மார்ச்சில் தமிழக நிதிநிலை அறிக்கையில் கல்லூரி மாணவர் 20 இலட்சம் பேருக்குக் கையடக்கக் கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவிப்பு வந்து, 2026 சனவரியில் வழங்கலும் தொடங்கியது. புதிய கணினியைப் பெற்ற வீட்டாரும், சொந்தப் பணத்தில் வாங்கிய வீட்டாரும், பழைய கதை திரும்பாதிருக்க அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மின்கலத்தின் ஆயுள் அதனுள் இருக்கும் இரசாயனத்தை மட்டும் பொறுத்ததன்று. அதை ஆளுகின்ற, கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு நிரலையும் பொறுத்தது. அந்நிரலைத் திருத்த முடியும். பெரும்பாலும் செலவின்றியே திருத்த முடியும்.

மதுரைச் சமவெளியில் கண்மாயை அறியாதார் இல்லை. கண்மாயில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, எந்த மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்பதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஊரில் நீர்க்கட்டி என்றொருவர் இருப்பார். கண்மாய் எவ்வளவு பெரிதாயினும் நீர்க்கட்டியின் கணக்குப் பிசகினால் வயல் காயும். மடிக்கணினியின் மின்கலம் கண்மாய் என்றால், அதன் நீர்க்கட்டியே ‘ஃபர்ம்வேர்’ எனப்படும் நிலைபொருள். நாம் திரையில் திறந்து மூடும் மென்பொருள் வேறு, இது வேறு. கணினியின் சில்லுகளுக்குள்ளேயே பதிந்து, விண்டோஸ் விழிக்கும் முன்னரே விழித்து, கணினி உறங்கும்போதும் கடமையாற்றுவது இது.

ஒரே நீர்க்கட்டி என்றும் எண்ண வேண்டாம். மின்கலப் பெட்டிக்குள்ளேயே ஒரு சிறு சில்லு இருந்து, உட்செல்லும் மின்னோட்டத்தையும் வெளிச்செல்லும் மின்னோட்டத்தையும் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. (2011-இல் சார்லி மில்லர் என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆப்பிள் மடிக்கணினியின் மின்கலத்துக்குள் இருக்கும் இந்த நிரலை வெளியார் ஒருவர் மாற்றிவிடக் கூடும் என்று செய்து காட்டியபோதுதான், மின்கலத்துக்குள்ளும் நிரல் உண்டென்பதே பலருக்குத் தெரிய வந்தது.) கணினியின் தாய்ப்பலகையில் இன்னொரு சில்லு, மின்னேற்றத்தை எங்கே நிறுத்துவது, விசிறியை எவ்வளவு வேகமாகச் சுழற்றுவது என்று ஆணையிடுகிறது. இவற்றுக்கு மேலே ‘பயாஸ்’ என்று நாம் அழைக்கும் அடிப்படை நிரல் அமர்ந்திருக்கிறது.

கணக்குப் பிசகுவதால் என்ன நேரும் என்பதற்குத் தக்கதொரு சான்று உண்டு. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் ‘சர்ஃபேஸ் புரோ 3’ என்ற கணினியை வெளியிட்டது. இரண்டாண்டுக்குள் அதை வாங்கியவர்களில் பலர் முறையிடலாயினர். பல மணி நேரம் உழைத்த மின்கலம் ஒரு மணி நேரங்கூடத் தாங்கவில்லை. முழுக் கொள்ளளவே பெரிதும் சுருங்கிவிட்டதாகக் கணினி காட்டிற்று. முறையிட்டோர் அனைவரிடமும் இருந்தவை சிம்ப்ளோ என்ற தயாரிப்பாளரின் மின்கலங்கள். மின்கலம் ஒட்டப்பட்ட அமைப்பாதலால், மாற்றுவதென்றால் பெருஞ்செலவு. ஆராய்ந்து பார்த்ததில் மின்கலம் கெடவில்லை என்றும், அதன் கொள்ளளவைக் கணக்கிடும் நிரலே தவறியது என்றும் தெரிந்தது. 2016 ஆகஸ்டு இறுதியில் அந்நிறுவனம் ஒரு நிலைபொருள் புதுப்பித்தலை அனுப்பியது. நீர்க்கட்டி திருந்தினார், கண்மாயில் ஏற்கெனவே கிடந்த தண்ணீர் வெளிப்பட்டது. அதற்குள் பணம் கொடுத்துக் கணினியையே மாற்றிக்கொண்டவர்களின் மனநிலையை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

எல்லா மின்கலமும் இவ்வாறு பொய்யாகச் சாவதில்லை. பெரும்பாலானவை மெய்யாகவே தேய்கின்றன. இன்றைய மடிக்கணினிகளில் இருப்பது லித்தியம்-அயனி மின்கலம். 1991-இல் சோனி நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது; இதன் அடிப்படையை வகுத்த குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்கு அண்டையிலுள்ள காரைக்குடியில், வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்திலும் இவ்வகை மின்கலங்களைப் பற்றிய ஆய்வுகள் நடந்து வருகின்றன.

இம்மின்கலத்துக்குப் பகைவர் இருவர்: ஒன்று வெப்பம், மற்றொன்று எந்நேரமும் நிறைந்தே இருத்தல். இரண்டும் கூடினால் கேடு பன்மடங்கு. முழு மின்னேற்றத்துடன் 25 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு வைத்திருந்தால் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்றும், 40 டிகிரியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும் என்றும், ஏறத்தாழப் பாதி மின்னேற்றத்தில் வைத்தால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும் என்றும் தோராயக் கணக்கு ஒன்று சொல்லப்படுகிறது. சித்திரைத் திருவிழாக் காலத்து மதுரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீட்டிலோ, மாடியின் கீழுள்ள அறையிலோ, மெத்தையின் மேல் வைத்து, காலை முதல் இரவு வரை மின் இணைப்பைப் பிடுங்காமலே பயன்படுத்துகிறோம். ‘எப்போது கரண்டு போகுமோ’ என்ற பழைய அச்சமே இப்பழக்கத்துக்கு வேர். கண்மாய் கரைமட்டம் தளும்பத் தளும்ப ஆண்டு முழுதும் நின்றால் கரை அரிக்கத்தானே செய்யும்?

இங்கேதான் நிலைபொருள் நமக்கு உண்மையான துணையாகிறது. மின்னேற்றத்தை 100 விழுக்காட்டுக்குப் போகவிடாமல் 80 விழுக்காட்டிலேயே நிறுத்தும்படி அதற்குக் கட்டளையிடலாம். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் சூட்டியிருக்கிறது. லெனோவோவில் ‘கன்சர்வேஷன் மோட்’. எச்பியில் ‘பேட்டரி ஹெல்த் மேனேஜர்’. டெல்லில் ‘பிரைமரிலி ஏசி யூஸ்’ அல்லது நாமே அளவு குறிக்கும் ‘கஸ்டம்’. ஏசரிலும் ஆசுஸிலும் அவற்றின் பராமரிப்புச் செயலிக்குள் மின்கல நலம் என்ற பகுதி. ஆப்பிள் நிறுவனம் 2020 மே மாதத்தில் வெளியிட்ட ஒரு புதுப்பித்தலின் வாயிலாகத் தன் மடிக்கணினிகளுக்கு இத்தகைய ஏற்பாட்டை அளித்தது. எச்பியின் அலுவலகக் கணினிகள் பலவற்றுக்கு, வாங்கிய பிறகு வந்த பயாஸ் புதுப்பித்தலால்தான் இவ்வசதி கிட்டியது. ஆகவே ‘நம் கணினியில் அப்படி ஒன்றும் காணவில்லையே’ என்பவர்கள், புதுப்பித்தல் ஏதும் காத்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

இருபது விழுக்காட்டை இழக்கிறோமே என்று சிலர் தயங்குவர். பெரும்பாலும் மின் இணைப்போடு மேசையிலேயே இருக்கும் கணினிக்கு அது இழப்பன்று. நாளை தேர்வுக்கோ நெடும்பயணத்துக்கோ எடுத்துச் செல்ல வேண்டுமானால், முன்னிரவில் தடையை நீக்கி முழுதும் ஏற்றிக்கொண்டால் போயிற்று.

புதுப்பித்தல்கள் செய்யும் இன்னொரு நன்மையும் உண்டு. புதிய கணினிகளில் மூடியைச் சாத்தினால் அவை முழுதும் உறங்குவதில்லை. கைப்பேசியைப் போல அரைத் தூக்கத்தில் கிடக்கின்றன. பைக்குள் வைத்த கணினி சூடாகி, கல்லூரி சேர்வதற்குள் பாதி மின்சாரம் தீர்ந்திருப்பதைப் பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். இத்தகைய குறைகளில் பல பயாஸ் திருத்தங்களால் சீராகியுள்ளன. அதுவரை, பைக்குள் வைக்குமுன் கணினியை முழுதும் நிறுத்திவிடுவதே நல்லது.

மின்கலத்தை மாற்றுமுன் அதன் நாடியைப் பார்க்கவும் வழியுண்டு. விண்டோஸ் 8 முதற்கொண்டு ‘பேட்டரி ரிப்போர்ட்’ என்ற அறிக்கையைக் கணினியே எழுதித் தரும். கல்லூரிப் பிள்ளை எவரும் ஒரு நிமிடத்தில் எடுத்துவிடுவர். அதில் இரண்டு எண்களை ஒப்பிட வேண்டும்: செய்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது முழுதும் ஏற்றினால் கொள்வது. முன்னது 40,000, பின்னது 30,000 என்றால் நான்கில் மூன்று பங்கு எஞ்சியிருக்கிறது. இந்த எண் ஆண்டுக்கணக்கில் மெல்லக் குறைந்திருந்தால் அது இயற்கையான முதுமை. சில வாரங்களில் திடீரென வீழ்ந்திருந்தால் அளவீட்டில் பிழையிருக்கலாம். உள்ளிருக்கும் கலம் ஒன்று பழுதாகியும் இருக்கலாம். புதுப்பித்தலைச் செய்து, ஒருமுறை முழுதும் ஏற்றி, ஏறத்தாழத் தீருமட்டும் பயன்படுத்தி, மீண்டும் முழுதும் ஏற்றி, அறிக்கையை மறுபடி பாருங்கள். கடைக்காரர் சில ஆயிரம் ரூபாய் கேட்கும் முன் ஒரு நாள் செலவிட்டு இதைச் செய்வதில் நட்டமில்லை.

ஆனால் நிலைபொருளைப் புதுப்பிப்பது விளையாட்டான காரியமன்று. அது நடந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் அற்றுப்போனால், கணினி பிறகு விழிக்காமலே போகக் கூடும். மின் இணைப்பைச் செருகி, மின்கலத்திலும் போதிய ஏற்றம் வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும்; மின்வாரியம் பராமரிப்பு நிறுத்தம் அறிவித்த நாளிலோ, இடி மின்னல் வேளையிலோ தொடவே கூடாது. திரை சிறிது நேரம் கறுத்துக் கிடந்தாலும், விசிறி இரைந்தாலும், பொறுமையிழந்து பொத்தானை அழுத்தலாகாது. மின்கலம் அடியோடு செத்துவிட்ட கணினிக்கு வீட்டில் இதைச் செய்ய வேண்டாம். கண நேர மின்தடையைக்கூடத் தாங்க அங்கே எதுவுமில்லை. நிறுவனத்தின் சேவை மையத்தில் விட்டுச் செய்துகொள்ளட்டும்.

விண்டோஸ் 11 உள்ள கணினிகளில் ‘பிட்லாக்கர்’ என்ற பூட்டு, நாம் அறியாமலே போடப்பட்டிருக்கலாம். பயாஸ் மாறியதும் அது ஐயுற்று 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அவ்வெண்ணை முன்கூட்டியே எழுதி வைக்காதவர்கள், தங்கள் கோப்புகளையும் படங்களையும் தாங்களே பார்க்க முடியாமல் தவிக்க நேரிடும். புதுப்பித்தலைத் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்தோ, விண்டோஸின் புதுப்பித்தல் வழியாகவோ, கணினியின் சரியான மாதிரி எண்ணைக் கொண்டே பெற வேண்டும். ‘பேட்டரியை வேகப்படுத்துகிறோம்’ என்று விளம்பரம் செய்யும் மூன்றாம் பேர்வழிகளின் செயலிகளை அண்டவே வேண்டாம்.

விலை மலிவென்று வாங்கும் போலி மின்கலங்களைப் பற்றியும் ஒரு சொல். 2012-இல் வந்த லெனோவோ திங்க்பேட் கணினிகளின் நிலைபொருள், தன் நிறுவனத்தாரல்லாத மின்கலத்தைக் கண்டால் மின்னேற்ற மறுத்துவிடும். இது பாதுகாப்புக்கா, வாணிகத்துக்கா என்று உலகெங்கும் வாதம் உண்டு. இரண்டுக்குந்தான் என்பது நம் எண்ணம். எப்படியாயினும் வாங்குமுன் கேட்டறிந்து வாங்குவது பணத்துக்குக் காப்பு.

நிலைபொருளால் ஆகாத காரியமும் உண்டு. கண்மாயில் மண் மேடிட்டுவிட்டால் நீர்க்கட்டியை மாற்றிப் பயனில்லை. கணினியின் அடிப்பக்கம் புடைத்தோ, தொடுதளம் மேலெழும்பியோ காணப்பட்டால், உள்ளே மின்கலம் வீங்கியிருக்கிறது என்று பொருள். அதற்கு எந்தப் புதுப்பித்தலும் மருந்தன்று. உடனே மின் இணைப்பை நீக்கி, பயன்படுத்துவதை நிறுத்தி, சேவை மையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். குத்துவதோ அழுத்துவதோ தீப்பற்ற வழிசெய்யும். 2018 சனவரியில் எச்பி நிறுவனம் தீப்பற்றும் ஆபத்துள்ள மின்கலங்களைத் திரும்பப் பெற்றபோது, மின்கலத்தைத் தீண்டாமல் நேரடி மின்சாரத்திலேயே கணினி இயங்கும்படி ஒரு பயாஸ் புதுப்பித்தலையும் வெளியிட்டது. மாற்று மின்கலம் வந்து சேரும்வரை வேலை நின்றுவிடாதிருக்க அந்த ஏற்பாடு.

2011 முதல் வந்த விலையில்லாக் கணினிகள் இன்னும் அலமாரியில் இருக்குமானால், அவற்றுக்குப் புதிய நிலைபொருளை எதிர்பார்க்க இயலாது. இத்தனை பழைய மாதிரிகளுக்கு நிறுவனங்கள் புதுப்பித்தல் வெளியிடுவதில்லை. ஆனால் அக்காலத்து மின்கலங்களில் பெரும்பாலானவை அடிப்பக்கத் தாழை நெகிழ்த்தினால் கழன்று வரும் வகை. செத்த மின்கலத்தைக் கழற்றிவிட்டு, நேரடி மின்சாரத்தில் அக்கணினியை இயக்கலாம். அதிலுள்ள விண்டோஸ் 7-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 சனவரியோடு நின்றுவிட்டன. உடன் கொடுக்கப்பட்டிருந்த ‘பாஸ்’ லினக்ஸையோ, வேறொரு எளிய லினக்ஸையோ பதிந்துகொண்டால், தம்பி தங்கையர் தட்டச்சுப் பழக அது போதும். மின்சாரம் போனால் கணினி அக்கணமே அணைந்துவிடும் என்பதை மட்டும் நினைவில் வைத்து, எழுதியதை அடிக்கடி சேமித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.