இரவுப் பணியும் போசனப்பிரியமும்

ஒரகடத்தில் இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கும் பிள்ளைகள் பலர் நேரே போவது டீக்கடைக்குத்தான். டீ, வடை, பிறகு பரோட்டா. "வயிறு நிறைஞ்சாலும் வாய் கேட்குது ஃபாதர், இது போசனப்பிரியமா?" என்று கேட்கிறவர்களும் உண்டு.

தலையான பாவங்கள் ஏழில் அதுவும் ஒன்றுதான். ஆனால் இங்கே பெரும்பாலும் உடல் கேட்பது உறக்கத்தை. தூக்கம் குறைந்தால் பசியைத் தூண்டும் கிரெலின் சுரப்பு கூடுவதும், 'போதும்' என்று சொல்லும் லெப்டின் குறைவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளன. அந்த நேரத்தில் நாக்கு இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும்தான் தேடும். வருடக்கணக்கில் இப்படியே போனால் இளம் வயதிலேயே சர்க்கரை நோய் வந்து நிற்கலாம்.

எலியாவை நினைத்துப் பாருங்கள் (1 அர 19). களைத்து, சாக விரும்பிப் படுத்தவரை வானதூதர் கண்டிக்கவில்லை. அப்பமும் தண்ணீரும் தந்தார். உண்டவர் மறுபடி உறங்கினார், உறங்க விட்டார்.

ஆகவே ஷிப்ட் நடுவிலேயே, பசி முற்றுமுன், சுண்டலோ முட்டையோ இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை நாளுக்கு 25 கிராமுக்குள், ஏறக்குறைய 6 தேக்கரண்டிக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நம் ஊர் டீ நான்கு குடித்தால் அது தீர்ந்துவிடும்!

வீட்டிலுள்ளவர்களே, பகலில் உறங்குகிறவரின் அறை ஜன்னலுக்குத் திரை போடுங்கள். டிவி சத்தத்தைக் குறையுங்கள். ஞாயிறு காலைத் திருப்பலிக்காகக்கூட அவரை எழுப்ப வேண்டாம். மாலையிலும் பூசை உண்டு.