பேசாத விருந்தாளிகள்

பெரியவர் தூணில் இடிக்காமல் நடக்கிறார், வழியில் கிடக்கும் செருப்பை ஒதுக்குகிறார், எதிரே நிற்கும் மருமகளை மட்டும் "யாரும்மா?" என்கிறார். வீட்டில் இதற்கு நடிப்பு என்று பெயர். நடிப்பல்ல. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தேய்ந்தால் நேர்ப்பார்வை போய் ஓரப்பார்வை மிஞ்சும். முகமும் எழுத்தும் நேர்ப்பார்வைக்கு உரியவை. 'கண்டும் காணாம போறாரு' என்ற பேச்சுக்குக் கூசியே கல்யாணம், கோயில் என்று எங்கும் போகாமல் முடங்கிவிடுபவர்கள் உண்டு. போதாக்குறைக்கு "நான் யாரு, சொல்லுங்க பார்ப்போம்" என்று விளையாடும் உறவினர்கள். பேரைச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடங்கினால் என்ன?

இன்னொரு சங்கடத்தைப் பற்றிப் பெரியவர்கள் வாயே திறப்பதில்லை. பார்வை மங்கிய சிலருக்கு இல்லாத ஆட்கள் தெரிவார்கள். கூடத்தில் பட்டுப்புடவைப் பெண்கள், ஜன்னலில் குழந்தைகள், சுவரெங்கும் கட்டம்கட்டமாகக் கோலங்கள். யாரும் ஒரு வார்த்தை பேசமாட்டார்கள். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை அறிஞர் சார்ல் போனே, தன் தாத்தா லுலானுக்கு நேர்ந்த இதை 1760இல் எழுதிவைத்தார். கண்புரையால் பார்வை மங்கிப்போன அந்த முதியவருக்கு ஆண்கள், பெண்கள், பறவைகள், வண்டிகள், கட்டடங்கள் எல்லாம் வந்துபோயின. புத்தி தெளிவாகவே இருந்தது. பொய் என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னாளில் இந்த நிலைக்குப் பேரனின் பெயரே வைக்கப்பட்டது: சார்ல் போனே சிண்ட்ரோம்.

கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்தாலும் மூளையின் பார்வைப் பகுதி சும்மா இருப்பதில்லை. தானாகவே படம் காட்டுகிறது. அவ்வளவுதான் விஷயம். நம் வீடுகளில் இதைச் சொன்னால் ஒன்று 'புத்தி பேதலிச்சுடுச்சு', இல்லையேல் 'காத்து கருப்பு'. அந்தப் பயத்தில் ஒருவர் மாதக்கணக்கில் தனக்குள்ளேயே மருகுவது, பார்வை போனதைவிடக் கொடுமை என்பேன். இதற்கு ஒரு பெயர் உண்டு, இது பைத்தியமில்லை என்று மருத்துவர் சொன்னதுமே பாதி பாரம் இறங்கிவிடுகிறது. ஆனால், எத்தனை வரி தெரிகிறது என்று கேட்கும் மருத்துவர், "இல்லாதது ஏதாவது தெரியுதா?" என்றும் கேட்டால்தானே பேச்சே வரும்!

உருவம் தெரியும்போது விளக்கைப் போடுவதும், கண்களை இடமும் வலமும் வேகமாக ஓட்டுவதும் சிலருக்குப் பலன் தருகின்றன. பலருக்கு நாளடைவில் அதுவாகவே குறையும். குரலும் சேர்ந்து கேட்டாலோ, தெரிவதை நிஜம் என்றே அவர் நம்பினாலோ காரணம் வேறாக இருக்கலாம். அப்போது நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.