நிலவில் மனிதன் இறங்கியது உண்மையா? செய்தியை எடைபோடும் முறை

 



இந்திய நேரப்படி 1969ஆம் ஆண்டு ஜூலை 21ஆம் நாள் காலை 8.26 மணிக்கு, நீல் ஆம்ஸ்ட்ராங் என்ற மனிதர் நிலவின் தரையில் கால் வைத்தார். அதிலிருந்து 1972 டிசம்பர் வரை ஆறு பயணங்களில் 12 பேர் அங்கே இறங்கித் திரும்பினார்கள். இது வரலாறு.

ஆனால் நம் வீடுகளில் இது பற்றி மூன்று விதமான பேச்சுகள் உலவுகின்றன. ஒன்று, நிலவுக்கு எவரும் போகவே இல்லை, அமெரிக்கா படப்பிடிப்பு அரங்கில் எடுத்த நாடகம் அது என்பது. இரண்டு, நிலவில் ஆம்ஸ்ட்ராங் பாங்கோசையைக் கேட்டு, பிறகு இஸ்லாத்தைத் தழுவினார் என்பது. மூன்று, நிலவு பிளந்த தழும்பை அமெரிக்க விண்கலம் படம் எடுத்திருக்கிறது என்பது.

இம்மூன்றையும் ஒரே மனிதர் ஒரே வாரத்தில் மூன்று பேருக்கு அனுப்பி வைப்பதைக் காண்கிறோம். சற்றே சிந்திக்க வேண்டாமா? எவரும் போகவில்லை என்றால் பாங்கைக் கேட்டது யார்? எல்லாம் நாடகம் என்றால், அந்த நாடகக்காரர்கள் எடுத்த படத்தை நாம் எப்படி ஆதாரமாகக் காட்டுவது? ஒன்றை ஒன்று வெட்டும் செய்திகளை ஒரே நெஞ்சில் சுமக்கிறோம் என்றால், நாம் எதையும் எடைபோடவில்லை என்பதே பொருள்.

சாட்சியத்தை எடைபோடும் சமுதாயம்

சகோதரர்களே! செய்தியை எடைபோடுவது நமக்குப் புதிதன்று. ரமளான் பிறை கண்டதாக ஒருவர் வந்து சொன்னால், யார் கண்டார், எங்கே நின்று கண்டார், எந்தத் திசையில் கண்டார், அவர் நம்பத்தக்கவரா என்று விசாரித்த பிறகே ஏற்கிறோம். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒவ்வோர் அறிவிப்பாளரின் வாழ்க்கையையும் ஆராய்ந்து, அதற்கென்றே தனி நூல்களை எழுதினார்கள்.

அக்கலையில் 'முதவாத்திர்' என்றொரு தரம் உண்டு. பொய்யில் ஒன்றுகூடிச் சதி செய்ய இயலாத அளவுக்குப் பலர், பல வழிகளில் அறிவிக்கும் செய்தி அது. அத்தகைய செய்தி உறுதியான அறிவைத் தரும். நிலவுப் பயணச் செய்தி மார்க்கச் செய்தி அன்று. ஆயினும் எடைபோடும் தராசு அதுவேதான். அதில் வைத்துப் பார்ப்போம்.

எதிரியின் சாட்சியம்

முதலாவது, எதிரியின் சாட்சியம். அக்காலத்தில் அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் விண்வெளியில் கடும் போட்டியில் இருந்தன. ஆம்ஸ்ட்ராங் நிலவில் இருந்த அதே நாட்களில் லூனா 15 என்ற ரஷ்யாவின் ஆளில்லாக் கலமும் நிலவைச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜூலை 21இல் அது நிலவில் மோதி நொறுங்கியது. இங்கிலாந்தின் ஜோட்ரல் பேங்க் வானொலித் தொலைநோக்கி நிலையத்தார் இரு கலங்களின் சமிக்ஞைகளையும் தனியே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கா பொய் சொல்லியிருந்தால், அதை உலகுக்கு உரைப்பதை விட ரஷ்யாவுக்குப் பெரிய வெற்றி வேறு இருந்திருக்காது. ரஷ்யா மறுக்கவில்லை. 1971இல் இரு நாடுகளும் தாம் கொணர்ந்த நிலவு மண்ணைப் பரிமாறிக்கொண்டன.

கல்லும் மண்ணும் தரும் சாட்சியம்

இரண்டாவது, பொருளின் சாட்சியம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு ஆலைகளில் பணிபுரியும் சகோதரர்கள் இதை எளிதில் உணர்வார்கள். ஆலை தரும் தரச்சான்றிதழை மட்டும் நம்பாமல், வாங்குபவர் ஒரு துண்டை வெட்டித் தமக்கு வேண்டிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். நிலவுக் கல்லுக்கும் அப்படித்தான் நடந்தது. அப்போலோ பயணிகள் கொண்டுவந்த 382 கிலோ கல்லும் மண்ணும் பல நாட்டு ஆய்வுக்கூடங்களுக்குப் பங்கிடப்பட்டன. நம் நாட்டின் தேவேந்திர லால், நரேந்திர பண்டாரி முதலிய அறிஞர்களும், விண்வெளிக் கதிர்கள் அக்கற்களில் பதித்த நுண்ணிய தடங்களை ஆராய்ந்தார்கள். காற்றும் நீரும் உள்ள பூமியில் கிடந்த கல்லில் அத்தகைய அடையாளங்கள் இரா.

'இயந்திரத்தை அனுப்பி அள்ளி வந்திருக்கலாமே' என்று கேட்பார்கள். ரஷ்யா அதையும் செய்தது. 1970 முதல் 1976 வரை மூன்று ஆளில்லாக் கலங்கள் மண் கொண்டுவந்தன. மூன்றும் சேர்ந்து அரைக் கிலோவுக்கும் குறைவு! 382 கிலோ எங்கே, அரைக் கிலோ எங்கே?

நம் தமிழ்நாட்டு மண்ணும் இவ்விஷயத்தில் சாட்சியாக நிற்கிறது. சந்திரயான்-2 இறங்கு கலத்தையும் உலாவியையும் சோதிக்க, நிலவுத் தரையைப் போன்ற ஒரு தரை இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது. நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதிகளில் கிடைக்கும் அனார்த்தோசைட் என்னும் பாறையைப் பொடித்து அதை உருவாக்கினார்கள். நாமக்கல் மண் நிலவு மண்ணை ஒத்தது என்று எப்படி அறிந்தார்கள்? 1972 ஏப்ரலில் அப்போலோ 16 பயணிகள் நிலவின் மேட்டுநிலத்திலிருந்து கொண்டுவந்த மண்ணின் தன்மைகளோடு ஒப்பிட்டே அறிந்தார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6.04 மணிக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. அதன் உலாவி 23 இடங்களில் மண்ணைச் சோதித்தபோது, அதே மேட்டுநிலப் பாறை வகையையே கண்டது. நம்மவர் அளந்ததும், அரை நூற்றாண்டுக்கு முன் அவர்கள் கொணர்ந்ததும் பொருந்தி நிற்கின்றன.

கண்ணால் காணும் சாட்சியம்

மூன்றாவது, கண்ணால் காணும் சாட்சியம். பொன்னேரி, மீஞ்சூர், வள்ளூர், பழவேற்காடு மக்களுக்கு ராக்கெட் என்பது ஏட்டுச் செய்தி அன்று. பழவேற்காடு ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நெருப்பைக் கக்கிக்கொண்டு எழுவதை நம் பிள்ளைகள் மொட்டை மாடியில் நின்றே காண்கிறார்கள். 2008 அக்டோபர் 22இல் சந்திரயான்-1, 2019 ஜூலை 22இல் சந்திரயான்-2, 2023 ஜூலை 14இல் சந்திரயான்-3 ஆகிய மூன்றும் அங்கிருந்தே புறப்பட்டன.

சந்திரயான்-2இன் இறங்கு கலம் 2019 செப்டம்பரில் நிலவில் மோதிச் சிதைந்தது. ஆனால் சுற்றுக்கலம் தொடர்ந்து பணியாற்றி, 1969இல் அப்போலோ 11 விட்டுவந்த அடிப்பகுதி இன்றும் அதே இடத்தில் நிற்பதை 2021இல் படம் எடுத்தது. படம் எடுத்தது அமெரிக்கா அன்று. நம் கண் முன்னே கிளம்பிப் போன கலம்!

அந்த இறங்கு கலத்தின் சிதறலை முதலில் அடையாளம் கண்டவரும் விண்வெளி நிலைய அதிகாரி அல்லர். சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன்தான் அவர். நாசா அனைவருக்கும் வெளியிட்ட நிலவுப் படங்களை, மோதலுக்கு முன் எடுத்தது, பின் எடுத்தது என்று அருகருகே வைத்துப் பொறுமையாக ஒப்பிட்டு, ஒரு சிறு புள்ளியைக் கண்டுபிடித்தார். நாசா சரிபார்த்து, 2019 டிசம்பரில் அவர் பெயரைச் சொல்லியே அறிவித்தது. அந்தப் படங்களை எடுத்த அதே கலம்தான் அப்போலோ இறங்கிய ஆறு இடங்களையும் படம் பிடித்திருக்கிறது. பார்க்க விரும்புவோருக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

சில ஐயங்களும் விடைகளும்

காற்றில்லாத இடத்தில் கொடி எப்படி அசைந்தது என்பர். கொடி தொங்கிவிடாதிருக்க அதன் மேல் விளிம்பில் குறுக்குக் கம்பி ஒன்றைச் செருகியிருந்தார்கள். கம்பத்தை ஊன்றும்போது துணி ஆடியது. தடுத்து நிறுத்தக் காற்று இல்லாததால் நீண்ட நேரம் ஆடியது.

வானத்தில் விண்மீன்கள் ஏன் இல்லை என்பர். கல்யாண வீட்டு வாசலில் விளக்கொளியில் நிற்பவரை இரவில் படம் எடுத்துப் பாருங்கள். மனிதர் தெரிவார், வானத்து மீன்கள் தெரியா. கடும் வெயிலில் நின்ற வெள்ளை உடைக்கு ஏற்றபடி கேமராவைத் திருத்தி வைத்தால், மங்கிய மீன்கள் படத்தில் விழா.

அதன்பின் ஏன் எவரும் இறங்கவில்லை என்பர். பணமே முதற்காரணம். 1966இல் அமெரிக்க அரசு தன் செலவில் நூற்றுக்கு 4 பங்குக்கும் மேல் நாசாவுக்குக் கொடுத்தது. போட்டியில் வென்றபின் அந்த ஆர்வம் வடிந்தது. அண்மை ஆண்டுகளில் அது நூற்றுக்கு அரைப் பங்கைக் கூட எட்டவில்லை. ஒரு வேலையை நிறுத்திவிட்டார்கள் என்பதால், செய்யவே இல்லை என்றாகிவிடாது.

பாங்கோசைக் கதை

இனி, நமக்கு இனிக்கும் செய்திக்கு வருவோம். ஆம்ஸ்ட்ராங் இஸ்லாத்தைத் தழுவினார் என்ற பேச்சு எகிப்து, மலேசியா, இந்தோனேசியா எனப் பல நாடுகளில் பரவியது. 1983 மார்ச்சில் அமெரிக்க வெளியுறவுத் துறை, முஸ்லிம் நாடுகளிலிருந்த தன் தூதரகங்களுக்கு அவர் சார்பில் விளக்கம் அனுப்பியது. எவர் மனத்தையும் புண்படுத்தவோ எந்த மதத்தையும் குறைத்துப் பேசவோ அவருக்கு விருப்பமில்லை. ஆனால் தாம் இஸ்லாத்தைத் தழுவவில்லை என்பதே அதன் சாரம். 2012 ஆகஸ்டில் இறக்கும் வரை அவர் அந்த நிலையிலிருந்து மாறவில்லை.

ஹதீஸ் கலையில், யாரிடமிருந்து கேட்டதாகச் சொல்லப்படுகிறதோ அவரே 'நான் அப்படிச் சொல்லவில்லை' என்று திட்டமாக மறுத்தால், அவ்வறிவிப்பு ஏற்கப்படாது. இங்கே மூலவரே மறுத்துவிட்டார். பின்பும் நாம் எப்படி மேடையில் சொல்வது?

பிளந்த நிலவின் தழும்பு என்று காட்டப்படும் படம், 1969 மே மாதம் அப்போலோ 10 எடுத்தது. ரீமா அரியாடியஸ் என்னும் பள்ளம் அது. சுமார் 300 கிலோமீட்டர் நீளம். நிலவைச் சுற்றி வரும் கோடு அன்று. அதைப் போன்ற பள்ளங்கள் அங்கே பல உள்ளன. நபி (ஸல்) அவர்களின் முஃஜிஸாவை நாம் வஹீயின் ஆதாரத்தால் நம்புகிறோம். அதற்கு இப்படத்தை முட்டுக்கொடுக்கத் தேவையில்லை.

புகழ்ச்சியையும் மறுத்த தலைவர்

அன்புச் சகோதரர்களே! அண்ணலாரின் அருமை மகன் இப்ராஹீம் (ரலி) பால்குடிப் பருவத்திலேயே மறைந்த அன்று, சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததற்காகவே சூரியன் இருண்டது என மக்கள் பேசிக்கொண்டார்கள். எவ்வளவு பெரிய புகழ்ச்சி! மகனை இழந்த தந்தைக்கு எவ்வளவு ஆறுதலான பேச்சு! ஆனால் நபி (ஸல்) அவர்கள் அதை அப்படியே விட்டுவிடவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள் என்றும், எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவை இருள்வதில்லை என்றும் மக்களுக்குத் தெளிவுபடுத்தினார்கள். புகாரீ, முஸ்லிம் இரு நூல்களிலும் இச்செய்தி பதிவாகியுள்ளது.

தமக்குப் பெருமை சேர்க்கும் வதந்தியை, அழுத கண் காயும் முன்பே மறுத்தவரின் உம்மத் நாம். நமக்குப் பெருமை தரும் பொய்யை நாம் சுமக்கலாமா?

உண்மையே போதுமான பெருமையைத் தருகிறது. எகிப்தில் பிறந்த ஃபாரூக் அல்பாஸ் என்ற முஸ்லிம் நிலவியல் அறிஞர், 1967 முதல் 1972 வரை அப்போலோ திட்டத்தில் பணியாற்றினார். கலங்கள் எங்கே இறங்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கும் குழுவின் செயலாளராக இருந்தார். மேலிருந்து நிலவைப் பார்த்து எதைக் கவனிக்க வேண்டும் எனப் பயணிகளுக்குப் பாடமும் நடத்தினார். பாங்கோசைக் கதையை அறிந்த நம் பிள்ளைகளில் எத்தனை பேர் இவர் பெயரை அறிவார்கள்?

வீட்டில் நாம் செய்ய வேண்டியது

பெற்றோர்களே! இது வெறும் நிலவு விவகாரம் அன்று. 'அத்தா, மனிதன் நிலவுக்குப் போனது பொய்யாமே?' என்று கேட்கும் பிள்ளையிடம், நாம் ஆராயாமல் 'ஆமாம்' என்கிறோம். நாளை அப்பிள்ளை கல்லூரிக்குச் செல்கிறது. மேற்கண்ட சான்றுகள் அத்தனையையும் காண்கிறது. அத்தா சொன்னது தவறு, பள்ளிவாசலில் கேட்டது தவறு என்று அறிகிறது. அதே நாவால் நாம் சொன்ன மறுமையையும் சொர்க்க நரகத்தையும் அது எந்தத் தராசில் வைக்கும்? ஒரு பொய்க் கதைக்காக நாம் இழப்பது நம் பிள்ளையின் நம்பிக்கையை அல்லவா?

ஆகவே, ஒரு செய்தி வந்தால் உடனே பிறருக்கு அனுப்பாதீர்கள். மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: முதலில் சொன்னவர் யார்? அவர் அதைக் காணக்கூடிய இடத்தில் இருந்தாரா? இதை மறுப்பதால் இலாபம் அடையக்கூடியவர் கூட இதை ஒப்புக்கொள்கிறாரா? விடை கிடைக்காவிட்டால், 'தெரியவில்லை, விசாரிப்போம்' என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அது இழிவன்று. செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளியுமாறு அல்குர்ஆன் 49:6 நமக்கு இடும் கட்டளையும் அதுவே. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவதை நபி (ஸல்) அவர்கள் பொய்யின் கணக்கிலேயே சேர்த்தார்கள் என்பதை மறவாதீர்கள்.

கேட்பதை ஆராய்ந்து, உண்மையை மட்டும் உரைத்து, நம் பிள்ளைகளின் நம்பிக்கைக்கு உரியவர்களாக வாழ வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.