மட்டாஞ்சேரியிலிருந்து லெய்டனுக்கு

கொச்சிக் கோட்டைப் பகுதியில் வெளி என்றோர் இடம் உண்டு. அங்குள்ள சலவைக் கூடத்தில் இன்றும் கல்லில் துணி துவைக்கும் ஓசை கேட்கும். கயிறுகளில் வெள்ளைத் துணிகள் வரிசையாக ஆடும். அங்கு உழைப்போர் தமிழர். டச்சுக்காரர்கள் தம் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்காகத் தங்கள் முன்னோரைத் தமிழகத்திலிருந்து அழைத்து வந்தனர் என்பது அவர்களிடையே வழிவழியாக வழங்கும் செய்தி. டச்சுக்காரருக்காக இடம்பெயர்ந்து கொச்சிக்கு வந்த தமிழர் பலர். கொச்சியிலிருந்து டச்சு நாட்டுக்கு இடம்பெயரும் தமிழர் கதை சற்றுப் புதிது. அது சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலேயே நிகழ்ந்தது.

என் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மட்டாஞ்சேரிக் கடைத்தெருவுக்கு, ஒரு மிளகுக் கிடங்கில் கணக்கெழுத வந்தவர். நான் பள்ளி ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றேன். என் மகள் வரலாறு படித்தாள். மேற்படிப்புக்கு நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது என்று அவள் சொன்னபோது முதலில் வாய் திறந்தவர் என் தாயார்தாம்.

"ஏட்டி, அந்தக் குளிர்ல போயி பழைய தாளப் படிக்கணுமா? இங்க இல்லாத தாளா?"

"இங்க இல்ல ஆச்சி. அதுதான் வெசனம்" என்றாள் அவள்.

அவள் சொன்னது மெய். டச்சு கிழக்கிந்தியக் கம்பெனி 1663 சனவரியில் போர்த்துகீசியரிடமிருந்து கொச்சியைக் கைப்பற்றியது. 1795இல் ஆங்கிலேயரிடம் இழந்தது. இடைப்பட்ட 132 ஆண்டுகளில் மிளகு விலை, படகுக் கூலி, கடன் பத்திரம், உயில், வழக்கு என அவர்கள் எழுதிக் குவித்த தாள்களுள் கொச்சியில் இருந்தவை பின்னர் சென்னைக்குச் சென்று, இன்று எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நெதர்லாந்துக்கு அனுப்பப்பட்டவை தி ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில், ஏறத்தாழ 1.2 கிலோமீட்டர் நீளமுள்ள அடுக்குகளில் உள்ளன. யாவும் பழைய டச்சு மொழியில், சுழித்தெழுதிய கையெழுத்தில் அமைந்தவை. அந்த மொழியையும் எழுத்தையும் ஆசிய மாணவர்களுக்குக் கற்பித்து ஆய்வுக்கு ஆயத்தப்படுத்தும் திட்டங்களை லெய்டன் பல்கலைக்கழகம் இந்த நூற்றாண்டின் தொடக்கம் முதலே நடத்தியது. அவ்வழியில் சென்ற இந்தியருள் அஞ்சனா சிங், 1750 முதல் 1830 வரையிலான கொச்சிக் கோட்டை மக்களின் வாழ்வைப் பற்றி எழுதிய ஆய்வு 2010இல் நூலாக வந்தது. என் மகள் அந்நூலைப் படித்தபின்புதான் இந்தப் பித்துப் பிடித்தது.

லெய்டனைப் பற்றிச் சிறிது. எசுப்பானியர் முற்றுகையைப் பட்டினியோடு தாங்கி 1574 அக்டோபர் 3 அன்று விடுதலை பெற்ற நகரம் அது. அந்த உறுதிக்குப் பரிசாக ஆரஞ்சு இளவரசர் வில்லியம் 1575இல் அங்கே பல்கலைக்கழகம் நிறுவினார் என்பர். ஆண்டுதோறும் அந்நாளில் ஊரார் வெள்ளை ரொட்டியும் ஹெரிங் மீனும் உண்கின்றனர். ஓவியர் ரெம்பிராண்ட் பிறந்த ஊரும் அதுவே. 1590இல் தொடங்கிய தாவரத் தோட்டம் இன்னும் உண்டு. கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த வான் ரீடு, இட்டி அச்சுதன் என்னும் வைத்தியரும் மூன்று கொங்கணி அந்தணரும் துணைநிற்கத் தொகுத்த 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்' நூலின் முதல் தொகுதி 1678இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சேறியபோது, அதற்குக் குறிப்புரை எழுதியவர் லெய்டன் தாவரவியல் பேராசிரியர் அர்னால்டு சீன். தமிழருக்கோ அவ்வூர்ப் பெயர் வேறு வழியில் பழக்கம். நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் ஊரை முதலாம் இராசராசன் வழங்கியதைக் கூறும் செப்பேடுகள் அப்பல்கலைக்கழக நூலகத்தில் நெடுங்காலம் இருந்தமையால்தானே அவற்றை 'லெய்டன் செப்பேடுகள்' என்கிறோம்.

பெருமை பேசுவது எளிது. பணம் கட்டுவது அப்படியன்று. ஐரோப்பிய ஒன்றிய நாட்டு மாணவர் 2025-26 கல்வியாண்டுக்குச் சுமார் 2,600 யூரோ செலுத்தினால் போதுமாக இருந்தது. நமக்குக் கட்டணம் அதைப் போலப் பல மடங்கு. அத்துடன் ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்குரிய தொகை கையில் உண்டு என்றும் காட்ட வேண்டும். அந்தத் தொகையைப் பல்கலைக்கழகத்தின் கணக்குக்கே முன்கூட்டி அனுப்பினோம். அவள் அங்கே வங்கிக் கணக்குத் தொடங்கிய பின் அது அவளுக்குத் திரும்பி வந்தது. என் ஓய்வூதியச் சேமிப்பும், வீட்டுப் பத்திரத்தை ஈடாக வைத்துப் பெற்ற கல்விக் கடனும் சேர்ந்தே இது நடந்தது. மூன்று தலைமுறையாக ஈடு வைக்காத வீடு. கையெழுத்திடும்போது என் கை சற்று நடுங்கியது என்பதை மறைப்பானேன்?

இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டம் இடந்தருகிறது. பான் எண்ணும், நோக்கத்தைக் குறிக்கும் ஏ-2 படிவமும் வேண்டும். சொந்தப் பணத்தை அனுப்பும்போது ஆண்டுக்குப் பத்து லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட பகுதிக்கு வங்கி வரி வசூலிக்கும். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுசெய்து கொள்ளலாம். அங்கீகரிக்கப்பட்ட நிறுவனத்தில் பெற்ற கல்விக் கடன் தொகைக்கு 2025 ஏப்ரல் முதல் இவ்வசூல் இல்லை. எனவே எதை முதலில் அனுப்புவது, எதைக் கடனிலிருந்து அனுப்புவது என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்துக்கொள்வது நலம். நான் கணக்கெழுதியவரின் பேரன். எனக்கே இரண்டு மாலைகள் தேவைப்பட்டன.

பெயர் ஒரு பெருந்தொல்லை. நம் வழக்கப்படி அவளுக்குத் தலைப்பெழுத்தும் பெயரும்தான். வங்கிக் கணக்கில் தலைப்பெழுத்து முன்னால், சான்றிதழில் பின்னால், கடவுச்சீட்டில் குடும்பப்பெயர் இடம் வெறுமை. டச்சுப் பதிவேட்டில் அவள் பெயர் குடும்பப்பெயராக ஏறியது. முதற்பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி மட்டும். "நான் இப்போது புள்ளி அம்மாள்" என்று சிரித்தாள். இங்குள்ள ஆவணங்களையாவது புறப்படுவதற்கு முன்பே ஒன்றுபோல் திருத்திக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை தேவை. அதற்கு மாநில அளவில் ஒரு சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பம் என்று நாள் பிடிக்கும். இறுதி வாரத்துக்கு இதை வைத்துக்கொள்ளலாகாது.

எல்லாவற்றிலும் கடினமானது குடியிருக்க ஓர் அறை. அந்நாட்டில் வீட்டுத் தட்டுப்பாடு கடுமையானது. நான்கு மாதங்களுக்கு மேல் தங்க வருவோர், வந்த ஐந்து நாட்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். பதிந்தால்தான் குடிமக்கள் சேவை எண். அந்த எண் இருந்தால்தான் வங்கிக் கணக்கு முதலிய பிற எல்லாம். சில வீட்டுக்காரர்கள் அறை தருவார்கள்; முகவரியைப் பதிய விடமாட்டார்கள். அத்தகைய அறை எவ்வளவு மலிவாயினும் பயனில்லை.

ஜூலை மாதம் இணையத்தில் ஓர் அறை கண்ணில் பட்டது. கால்வாய்க் கரை, பெரிய சாளரம், வாடகையும் அடக்கம். இரண்டு மாத வாடகையை முன்பணமாக அனுப்பினால் சாவி அஞ்சலில் வருமாம். உரிமையாளர் வெளிநாட்டில் பணியில் இருக்கிறாராம். ஆறு வாரமாக அறை தேடி அலுத்த நாங்கள் அதை நம்பினோம். படிவத்தைப் பூர்த்தி செய்து கிளைக்கு எடுத்துச் சென்றேன். கவுன்டரில் இருந்த இளம்பெண் அலுவலர் அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், வீடு நெதர்லாந்தில்தானே? அந்நாட்டுக் கணக்கு எண் என்.எல். என்ற எழுத்துகளில் தொடங்கும், பதினெட்டு இலக்கம் இருக்கும். இது வேறு நாட்டுக் கணக்கு. அறையை யாராவது நேரில் பார்த்தார்களா?"

யாரும் பார்க்கவில்லை. அன்று மாலை என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மூத்த மாணவிக்கு எழுதி, அந்த முகவரிக்குப் போய்ப் பார்க்கச் சொன்னாள். அந்த எண்ணில் இருந்தது ஒரு மிதிவண்டிக் கடை. ஒரு கேள்வியால் எங்கள் பணம் தப்பியது. முடிவில் பல்கலைக்கழகத்தின் வழியாகவே, நிலையத்துக்குச் சற்றுத் தொலைவில், சமையலறையைப் பலருடன் பகிர்ந்துகொள்ளும் சிறிய அறை கிடைத்தது. சாளரம் மிகச் சிறிதுதான்.

புறப்படும் முன் இன்னொன்று செய்தோம். படிப்புக்காக வெளிநாடு செல்வோரை அந்நியச் செலாவணி விதிகள் இந்தியாவில் வசிக்காதவராகவே கருதுகின்றன. ஆகவே அவளுடைய சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொன்னார்கள், மாற்றினோம். மருத்துவக் காப்பீட்டிலும் ஒரு நுட்பம் உண்டு. படிப்பு மட்டுமெனில் மாணவர் காப்பீடு போதும்; பகுதிநேர வேலையில் ஒரு நாள் சேர்ந்தாலும் அந்நாட்டின் அடிப்படைக் காப்பீட்டை எடுத்தே ஆக வேண்டும். தெரியாமல் விட்டால் அபராதம்.

அவள் சென்று எட்டு மாதங்கள் ஆகின்றன. லெய்டனிலிருந்து தி ஹேக் காப்பகத்துக்கு ரயிலில் கால் மணி நேரம். அங்கே சூரிநாம் வழி வந்த இந்தியர் கடைகளில் நீளப் பயறும் மிளகாயும் கிடைக்கின்றனவாம். முதல் பக்கக் கையெழுத்தைப் படித்து முடிக்க நான்கு நாட்கள் ஆயின என்றாள். சென்ற மாதம் ஒரு பக்கத்தை ஒரு முற்பகலில் முடித்தாளாம். ஒரு நாள் அரும்பொருளகம் ஒன்றில் பழைய செப்புக்காசு ஒன்றைப் படமெடுத்து ஆச்சிக்கு அனுப்பினாள். டச்சுக்காரரின் அந்தச் சில்லறைக் காசின் பெயரிலிருந்தே நம் 'துட்டு' என்னும் சொல் வந்தது என்பர் சொல்லாய்வாளர். ஆச்சி படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத் துட்டக் கட்டிப் போனவளுக்கு ஒத்தத் துட்டா?" என்றார்.

சென்ற ஞாயிறன்று வெளி வழியாக நடந்துகொண்டிருந்தபோது அவள் அழைத்தாள். கடன் தவணை குறித்துப் பேசினோம். கோடை விடுமுறையில் முழுநேர வேலை செய்ய மாணவருக்கு அனுமதி உண்டு, ஒரு நூலக வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறாள். பேச்சின் இடையே பின்னணியில் துவைக்கும் ஓசை அவளுக்குக் கேட்டிருக்க வேண்டும்.

"வெளியிலயா இருக்கீங்க அப்பா? அங்க நல்ல வெயிலா?"

"சுள்ளென்று அடிக்குது."

"இங்க மூணு நாளா மழை. துவைச்ச துணி ஒண்ணுமே காயல" என்றாள்.