ஸ்மார்ட் வீடு கரன்ட் பில்லைக் குறைக்குமா? பாட்டிக்கும் புரிந்தால் குறைக்கும்!

“போன தடவை இவ்வளவு வரலையே... ஏ.சி.கூட அதிகமா போடலையே!” - மின் கட்டண மெசேஜ் வந்ததும் பல வீடுகளில் கேட்கும் டயலாக் இது. தமிழகத்தில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கெடுப்பதுதான் நெடுநாள் வழக்கம். பில் வரும்போது செலவு எப்போதோ முடிந்திருக்கும். அதிகம் இழுத்தது ஃபிரிட்ஜா, கீசரா என்று யாருக்கும் தெரியாது.

இதில் 500 யூனிட் என்பது முக்கியமான கோடு. அதைத் தாண்டினால் கூடுதல் யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழ் அடுக்கில் கிடைத்த சலுகைக்கும் வேட்டு. கடைசி வாரத்தில் பத்து யூனிட் கூடினாலும் பில் சட்டென எகிறுவது இதனால்தான்.

எண்ணைக் காட்டினால் போதுமா?

ஸ்மார்ட் பிளக், எனர்ஜி மானிட்டர், மொபைல் ஆப் எல்லாம் இந்த இடைவெளியை நிரப்பத்தான் வந்தன. ஆனால், வெறும் கிராஃப் பெரிதாக உதவாது. கூகுள் 2009-ல் கொண்டுவந்த ‘பவர்மீட்டர்’ சேவை, வீட்டு மின் பயன்பாட்டைத் திரையில் காட்டியது. எதிர்பார்த்த வேகத்தில் மக்களிடம் பரவாததால் 2011-ல் மூடப்பட்டது. முதல் வாரம் ஆர்வமாகப் பார்ப்பார்கள். அப்புறம் அந்த ஆப் போனின் ஏதோ ஒரு மூலைக்குப் போய்விடும்.

‘இப்போது 1,840 வாட்’ என்று சொன்னால் பலருக்கும் ஒன்றும் புரியாது. ‘இதுவரை 410 யூனிட். இப்படியே போனால் இன்னும் 10 நாளில் 500-ஐத் தாண்டிவிடும்’ என்றால் வீட்டில் எல்லோருக்கும் புரியும். 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் 1 யூனிட். டிவி பார்க்காதபோதும் செட்-டாப் பாக்ஸ் 10 வாட் இழுத்துக்கொண்டிருந்தால் 60 நாளில் 14 யூனிட்டுக்கு மேல். இந்தக் கணக்கை ஆப்தான் போட வேண்டும், மனிதர்கள் அல்ல.

சொல்லாமலே சேமிக்கும் டிசைன்

இந்தியாவில் நட்சத்திரக் குறியீடு பெறும் அறை ஏ.சி.கள் 2020 ஜனவரி 1 முதல் 24 டிகிரியையே தொடக்க அளவாகக் கொண்டிருக்க வேண்டும் என்பது விதி. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம், தடையில்லை. யாருக்கும் அட்வைஸ் பண்ணாமல், நோட்டிஃபிகேஷன் அனுப்பாமல் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் எளிய வழி இது.

யாருக்கான ஆப்?

ஆஸ்திரேலிய ஆய்வாளர் யோலாண்டே ஸ்ட்ரெங்கர்ஸ் 2014-ல் ஒரு கேள்வி எழுப்பினார். டேட்டாவை அலசுவதில் ஆர்வமுள்ள ஓர் ஆணைக் கற்பனை செய்துகொண்டே இந்தக் கருவிகள் வடிவமைக்கப்படுகின்றனவா என்பதுதான் அது. நம் வீடுகளுக்கும் இது பொருந்தும். ஆப் இருப்பது மகனின் போனில். கிரைண்டரும் வாஷிங் மெஷினும் ஓடுவது அம்மாவின் நேரப்படி. மகன் ஆபீஸில் இருக்க, பாட்டி வழக்கம்போல சுவர் ஸ்விட்ச்சை அணைத்தால் ஸ்மார்ட் பல்பும் செத்துவிடும். தப்பு பாட்டி மீதா? இல்லை, டிசைன் மீது.

வாங்கும் முன் கவனிக்க...

* இன்டர்நெட் இல்லாதபோதும் சாதாரண ஸ்விட்ச்சில் இயங்குமா?

* கீசர், ஏ.சி.க்கு என்றால் 16 ஆம்பியர் தாங்கும் பிளக்கா?

* ஒரே கணக்கை வீட்டில் பல போன்களில் பயன்படுத்த முடியுமா? தமிழ் இருக்கிறதா?

* பயன்பாட்டு விவரம் யாரிடம் போகிறது? வீட்டில் ஆள் இல்லாத நேரத்தையும் அது காட்டிக்கொடுக்கும்.

முதலில் ஒரே ஒரு பிளக் வாங்கி, வீட்டில் மூத்தவர் கையில் கொடுத்துப் பாருங்கள். அவர் யாரையும் கூப்பிடாமல் அதை ஆன், ஆஃப் செய்தால், அடுத்ததை நம்பி வாங்கலாம்.