பழம்புடவை விரிப்பு: ஐந்து நாள் வகுப்பு தந்த இன்பம்

ஊசியும் நூலும் இல்லாத வீடு நம் கிராமங்களில் அரிது. நைந்த நூற்புடவையை மடித்துத் தைத்து, அதன்மேல் பச்சிளங் குழந்தையைக் கிடத்துவது நம் பாட்டிமார் கண்ட வழக்கம். துணிமேல் துணி வைத்துத் தேர்த் தொம்பைகள் தைக்கும் தொழிலும் தஞ்சை மாவட்டத்திற்கு உரியதே. வங்காளத்துக் காந்தாவும் பீகாரின் சுஜனியும் பழம்புடவையிற் பிறந்த கைத்தொழில்களே. சுஜனி புவிசார் குறியீடும் பெற்றது.

பூதலூர்ப் பகுதியில் நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரங்கள் வந்தபின் மாதர்க்குக் கூலி நாட்கள் குறைந்துவிட்டன. சம்பா அறுவடைக்குப் பின், மேட்டூர் அணை திறக்கும் வழக்கமான நாளாகிய ஜூன் 12 வரை வயல் வேலை சொற்பமே. இந்த இடைக்காலத்தில் சுயஉதவிக் குழு மகளிர்க்கு ஐந்து நாள் வகுப்பு அமைத்து, நாமும் உடனமர்ந்து கற்பித்தோம்.

முதல் நாள், துணி தேர்தல். நூற்புடவையே ஏற்றது; சாயம் போகிறதா என்று நனைத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டாம் நாள், துண்டுகளை ஓரளவாக வெட்டி இணைத்தல். மூன்றாம் நாள், மேல்துணி, நடுவே புடவை மடிப்பு, அடித்துணி ஆகியவற்றைச் சுருக்கமின்றி விரித்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அகன்ற தையலிட்டு நிறுத்துதல். நான்காம் நாள் முழுதும் ஓடுதையல். ஐந்தாம் நாள் ஓரம் மடித்துத் தைத்தல்.

மூன்றாம் நாள் மாலை ஒரு மூதாட்டியின் விரிப்பு கோணிவிட்டது. ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கியதே காரணம். "இது எனக்கு வராதுங்க" என்று எழுந்து போனார். மறுநாள் காலை நாம் சென்றபோது, அவர் முன்னதாகவே வந்தமர்ந்து தையலைப் பிரித்துக்கொண்டிருந்தார். ஐந்தாம் நாள், அருகிலிருந்த இளம்பெண்ணிடம், "நடுவுலேருந்து தைம்மா" என்று அவரே சொல்லிக்கொடுத்தார். கற்பிப்போர் பெறும் ஊதியம் இதனினும் மேலானது வேறில்லை. ஒரு நாள் வகுப்பில் இது கிட்டாது. பிழையை எண்ணிப் பார்க்க இடையில் ஓர் இரவு வேண்டும்.

ஐந்து நாளில் வருவாய் பெருகுமென்று நாம் கூறவில்லை. முதல் விரிப்பு வீட்டிற்கே. சந்தைக்கேற்ற சீரான தையல் பழகப் பழகவே வரும். மேலும் கற்க விரும்புவோர்க்கு வங்கிகளின் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் கட்டணமின்றித் தொழிற்பயிற்சி அளிக்கின்றன.

ஊராட்சி மன்ற உறுப்பினர்கள் செய்யவேண்டுவது சிறிதே: வெளிச்சமுள்ள ஒரு கூடம், பாய்கள், குடிநீர், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர். புடவைகள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன. வரும் கோடையில் உங்கள் ஊரிலும் இவ்வகுப்பு நடைபெறட்டும்.